பின்பனிக்காலத்துக் குரல்

‘புரட்சி’ என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் வெளியே வந்தன, பின்னிரண்டும் வரவில்லை. குடியரசு தினத்துக்கு மறுநாள் அது. பன்னிரண்டாம் வகுப்புப் பையன்களுக்குப் பிரெஞ்சுப் புரட்சியைத் திருப்புதல் பாடமாக நடத்திக்கொண்டிருந்தேன். வாய் திறந்திருக்கிறது, கை உயர்ந்திருக்கிறது, தொண்டையிலிருந்து வருவதோ பஞ்சரான சைக்கிள் டியூபின் காற்று. ஏதோ நடித்துக் காட்டுகிறேன் என்று நினைத்துப் பையன்கள் சிரித்தார்கள். தண்ணீர் குடித்தேன். மறுபடி முயன்றேன். இரண்டாம் முறையும் காற்றுதான் வந்தது. சிரிப்பு ஒவ்வொரு பெஞ்சாக அடங்கி, வகுப்பு முழுக்க அமைதியானபோது எனக்கே பயம் வந்தது. பதினாறு ஆண்டு ஆசிரிய வாழ்க்கையில் நான் கத்தாமல் அந்த வகுப்பு அமைதியானது அன்றைக்குத்தான்.

என் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் மருங்காபுரிப் பக்கத்து மானாவாரிக் குடும்பத்தில் பிறந்தவன். ஒரு கொல்லையில் நின்று அடுத்த கொல்லையில் இருப்பவரைக் கூப்பிட்டுப் பழகிய குரல்கள் எங்களுடையவை. திருச்சியில் மலைக்கோட்டையின் நிழல் விழும் தூரத்தில் இருக்கிற ஓர் ஆண்கள் மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியராகச் சேர்ந்தபோது அந்தக் குரல்தான் எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. காலை வழிபாட்டில் மைக் மக்கர் பண்ணினால் தலைமையாசிரியர் என் பக்கம் திரும்புவார். வெளியே கடைத்தெருவில் துணிக்கடைக்காரர்கள் ஆள் கூப்பிடும் இரைச்சலையும் லாரி ஹாரனையும் மீறி, கடைசி பெஞ்சுக்காரன் காதில் போய் உட்காரும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

என் வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவே இருந்தது செங்கல் சுவர் இல்லை. ஒரு பெரிய ஹாலை இரண்டாகப் பிரித்து அடித்த பலகைத் தட்டி. அந்தப் பக்கம் பாடம் எடுத்தவர் ஜியாகரபி சார். என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். ஒல்லியான ஆள், சட்டைக் கையை முழங்கை வரை அளவெடுத்தாற்போல மடித்திருப்பார். சாக்பீஸைத் தரையில் தேய்த்துக் கூராக்கிக்கொண்டு இந்தியாவின் கடற்கரையைக் கை எடுக்காமல் ஒரே இழுப்பில் வரைவார். பேச்சு மட்டும் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது. நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் அவர் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். பக்கத்து வகுப்பின் சத்தத்தால் தன்னால் பாடம் நடத்த முடியவில்லை, வேறு அறை வேண்டும் என்று நாலே வரி. அதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும், என் முழுக் குரலில், “நேரா வந்து எங்கிட்ட சொல்லக்கூடாதா சார்? நான் என்ன கடிச்சா வெச்சிடுவேன்?” என்று கேட்டேன். அவர் டிபன் பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு லேப் அறைக்குப் போய்விட்டார். வேறு அறையும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. அந்த வருடக் கடைசியில் அவர் மனைவி நோயில் இறந்துபோனார். மற்ற ஆசிரியர்களோடு எடமலைப்பட்டி புதூரில் அவர் வீட்டுக்குப் போய், வாசல் கேட்டருகே நின்று, திரும்பிவிட்டேன். என்ன நோய் என்று விசாரிக்கிற உரிமை எனக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தில்லைநகரில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு என் குரல் நாண்களைத் திரையில் காட்டினார். இரண்டு வெள்ளை நாண்கள். இரண்டிலும் எதிரெதிராக, அரிசி நொய் அளவுக்கு ஒவ்வொரு முடிச்சு. “ஒரு மாசம் பேசவே கூடாது. ரகசியம் பேசறதும் பேச்சுதான், அதுவும் கூடாது. அப்புறம் பார்ப்போம். கரையலேன்னா ஆபரேஷன்” என்றார். கூட வந்திருந்த என் மனைவி, “ஆபரேஷன் பண்ணா பழைய குரல் வந்துடுமா டாக்டர்?” என்று கேட்டாள். அவர் கையுறையைக் கழற்றினார். “பேச்சு வரும். ஒரு நாளைக்கு ஆறு பீரியட் கத்தற குரல் வருமான்னு என்னால சொல்ல முடியாது.”

பொதுத்தேர்வுக்கு ஆறு வாரம்தான் இருந்தது. நான் மருத்துவ விடுப்பில் போனால் வரலாறு எடுக்க வேறு ஆள் கிடையாது. தலைமையாசிரியர் அறையில் ஒரு துண்டுச் சீட்டில் இதை எழுதிக்கொண்டிருந்தபோது ஜியாகரபி சார் உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். நான்கு வருடத்துக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு இது: “ஹிஸ்டரி, ஜியாகரபி ரெண்டுக்கும் அதே பசங்கதான சார். உங்க பீரியடையும் என் பீரியடையும் சேர்த்துக்குவோம். நீங்க எழுதிக் குடுங்க, நான் வாசிக்கிறேன்.” நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய முடியும்? என் குரல் தொந்தரவு என்று எழுதிக் கொடுத்தவரே எனக்குக் குரலாக வருவதில் இருந்த கேலி எனக்குப் புரியாமல் இல்லை. அவர் முகத்தில் அந்தக் கேலி துளியும் இல்லை.

பழைய வினாத்தாள்களைக் கிழித்து, அச்சில்லாத பக்கத்தில் நான் குறிப்பு எழுதினேன். அவர் ஒவ்வொன்றாக வாங்கி வாசித்தார். வாசித்ததோடு நிற்கவும் இல்லை. “ஹிஸ்டரி சார் ‘மக்கள் கொதித்தெழுந்தனர்’னு எழுதியிருக்காரு. ஏன் கொதிச்சாங்க? அதுக்கு முந்தின வருஷம் ஆலங்கட்டி மழை பெஞ்சு கோதுமை எல்லாம் போச்சு. அதுக்கப்புறம் பயங்கரக் குளிர். ரொட்டி இல்ல. வயித்துலேருந்துதான்டா கொதிச்சாங்க” என்றார். பதினாறு வருடம் அந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன், ஒரு நாளும் ஆலங்கட்டி மழையைச் சொன்னதில்லை. இன்னொன்றையும் அந்த வாரம் கவனித்தேன். வீட்டிலும் தெருவிலும் நான் எழுதத் தொடங்கினால் இரண்டு சொல்லிலேயே எல்லாரும் மிச்சத்தைத் தாங்களாகச் சொல்லி முடிப்பார்கள். இவர் ஒருவர்தான் நான் எழுதி முடித்துப் பென்சிலை எடுக்கிற வரைக்கும் காத்திருப்பார். பேச முடியாதவரோடு பழகிய பொறுமை அது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி மூன்றாம் தேதி காலையில் எட்டு மணிக்கெல்லாம் ஜியாகரபி சார் என்னைப் பள்ளி வாசலில் நிறுத்தி, “கொஞ்சம் என் கூட வரீங்களா?” என்றார். நடந்து போனோம். பக்கத்தில் ஒரு பழைய தேவாலயம். உள்ளே நீளமான வரிசை. அன்று புனித பிளேசியாரின் நாள். மீன்முள் சிக்கி மூச்சுத் திணறிய ஒரு பிள்ளையைக் காப்பாற்றிய ஆயர் அவர், அதனால் தொண்டைக்குக் காவல் என்று சார் வழியிலேயே சொல்லியிருந்தார். முந்தின நாள் மெழுகுவத்தித் திருநாள். அன்று மந்திரித்த மெழுகுவத்திகளில் இரண்டைக் குறுக்காகக் கட்டி, ஒவ்வொருவர் தொண்டையிலும் வைத்துப் பாதர் ஜெபிப்பார். தேவாலயப் படிக்கட்டு வந்ததும் சார் நின்றுவிட்டார். “நீங்க போயிட்டு வாங்க சார். நான் இங்கயே நிக்கிறேன்.” நீங்கள் வரவில்லையா என்று சைகையில் கேட்டேன். தலையை மட்டும் அசைத்தார்.

நெற்றியில் விபூதியோடு நான் அந்த வரிசையில் நின்றேன். என் முன்னால் ஒரு பஸ் கண்டக்டர், விசில் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு முன்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண். ஒருவரும் என்னை ஏன் வந்தாய் என்று பார்க்கவில்லை. தொண்டையில் பட்ட மெழுகு குளிர்ச்சியாக இருந்தது. ஜெபம் முடிந்ததும் எல்லாரும் ‘ஆமென்’ சொன்னார்கள். என்னால் சொல்ல முடியாததால் கைகூப்பினேன். பாதர் புரிந்துகொண்டவராகத் தோளைத் தட்டினார்.

வெளியே வந்தபோது ஜியாகரபி சார் சைக்கிள் ஸ்டாண்டின் இரும்புக் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. திரும்பி நடக்கையில், என்னைப் பார்க்காமல், சாலையைப் பார்த்தபடி பேசினார். “என் வொய்ஃப் இந்தக் கோயில் கொயர்ல இருபது வருஷம் பாடினவ. தொண்டையில கேன்சர். அந்த வருஷமும் மூணாம் தேதி கூட்டிட்டு வந்தேன், மெழுகுவத்தி வெச்சாங்க. மே மாசம் குரல்வளையையே எடுத்துட்டாங்க. அப்புறம் ஏழு மாசம் நோட்டுல எழுதித்தான் பேசினா. ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரி, காலையில ஸ்கூல். தட்டிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்க. உங்க குரலைக் கேக்கறப்பல்லாம் ஆண்டவர்கிட்ட சண்டை போடுவேன். ஒரு ஆளுக்கு இவ்வளவு குரலைக் குடுத்திருக்கியே, அவகிட்ட இருந்த கொஞ்சத்தை எதுக்கு நீ எடுத்தேன்னு.” ஒரு சந்தைக் கடந்தோம். “அதுலேருந்து நான் உள்ள போறதில்ல சார். ஆனா நீங்க சைகை காட்டினப்ப அவ ஞாபகம் வந்துச்சு. நான் நம்புறேனோ இல்லையோ, அவ இருந்திருந்தா உங்களை இழுத்துட்டு வந்திருப்பா.”

பையிலிருந்து சீட்டை எடுத்தேன், எதுவும் எழுதாமல் திரும்ப வைத்தேன்.

நான் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறேன். அந்த ஆண்டு தொண்டைக்கு ஆசீர்வாதம் வாங்கியதற்கு மறுநாளே ரத சப்தமி வந்தது. விடிவதற்குள் வீட்டுக்கார மாமா படியேறி வந்து ஏழு எருக்கிலைகளை என் கையில் கொடுத்தார். “இதைத் தலையிலயும் தோள்லயும் வெச்சுண்டு ஸ்நானம் பண்ணுங்கோ. சூர்ய பகவானோட ரதம் இன்னிலேருந்து நன்னா வடக்கே ஓடும். சகல ரோகமும் நிவர்த்தியாகும்.” தை மாத இறுதியின் பனியில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் இறங்கி நின்றேன். காவிரியின் மேல் புகைபோல ஆவி. எருக்கிலைகள் தண்ணீரோடு வழுக்கிப் போயின. நேற்று மெழுகு பட்ட இடத்தில் இன்று ஆறு பட்டது. இரண்டையும் ஒரே தொண்டை வாங்கிக்கொண்டதில் எனக்கு எந்த முரணும் தெரியவில்லை. பயந்திருக்கிற மனிதன் மருந்துச் சீட்டின் கையெழுத்தைப் பார்ப்பதில்லை.

பிப்ரவரி நடுவில் எங்கள் மேஜையில் லீவு லெட்டர்கள் குவிந்தன. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தவன் ஒருவன், மாசியில் குலதெய்வம் கும்பிட வேண்டும் என்று இப்போதே கேட்டவர்கள் நான்கைந்து பேர், மந்திரித்த மெழுகுவத்தியைப் பாட்டி வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று அரைநாள் கேட்டவன் ஒருவன். ஜியாகரபி சாருக்குக் கோபம் வந்துவிட்டது. “பப்ளிக் எக்ஸாம் கழுத்துல நிக்குது. உங்களுக்கு வாரத்துக்கு ஒரு பண்டிகையாடா?” பின்னாலிருந்து ஒருவன் எழுந்தான். “நாங்க என்ன சார் பண்றது? எல்லாப் பண்டிகையும் ஏன் சார் இந்த ரெண்டு மாசத்துலயே வந்து தொலைக்குது?” வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சாக்பீஸைக் குனிந்து தரையில் தேய்த்தார். கூராக்கிவிட்டார் என்றால் பாடம் மாறிவிட்டது என்று அர்த்தம்.

சாய்ந்த பூமியை வரைந்தார். நம் ஊரில் மிகக் குட்டையான பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் ஒரு மணி சொச்சம்தான் வித்தியாசம். வடக்கே போகப் போகக் குளிர்காலத்தில் சூரியன் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும் என்றார். நான் ஒருபக்கம் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அவர் வாசித்துக்கொண்டே இருந்தார். பிப்ரவரி என்ற பெயரே சுத்தம் செய்தலைக் குறிக்கும் ரோமானியச் சொல்லிலிருந்து வந்தது. ஆண்டின் அழுக்கைக் கழுவும் மாதம் அது, நாம் மாசி மகத்துக்கு முழுக்குப் போடுவதைப் போல. அயர்லாந்தில் ஆடுகள் மடி கட்டி முதல் பால் சுரக்கும் நாளைக் கொண்டாடினார்கள். ஜப்பானில் வறுத்த சோயா மொச்சையை வாசலை நோக்கி எறிந்து, கெட்டது வெளியே போ, நல்லது உள்ளே வா என்பார்கள். பாரசீகத்தில் கடுங்குளிரின் நடுவே ஊரே கூடிப் பெருந்தீ மூட்டியது. சீனர்கள் ஆண்டின் முதல் பௌர்ணமியில் விளக்குகளைத் தொங்கவிடுகிறார்கள். யூதர்களுக்கு இது மரங்களின் புத்தாண்டு. வெளியே மொட்டைக் கிளை, உள்ளே சாறு ஏறத் தொடங்கியிருக்கும். ஐரோப்பிய விவசாயி மெழுகுவத்தித் திருநாளன்று பரணைப் பார்ப்பான். பாதி வைக்கோல் மிச்சம் இருந்தால்தான் மாடு பிழைக்கும். அதற்குப் பின் வரும் தவக்காலத்தின் நோன்பும் களஞ்சியம் காலியாகிற மாதங்களில்தான் விழுகிறது. இல்லாமையை வெறும் பட்டினியாக விடாமல் நோன்பாக ஏற்றுக்கொண்ட மனிதனை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது என்று எழுதினேன். அந்த வரியை அவர் இரண்டு முறை வாசித்தார்.

முதல் பெஞ்சிலிருந்த ஒரு பையன் கை தூக்கினான். “எங்க நோன்பு மட்டும் இதுல சேராது சார். அது வருஷா வருஷம் பத்து நாள் முன்னாடி நகந்து எல்லா மாசத்தையும் சுத்தி வந்துடும். வெயில்ல நோன்பு வெச்சவங்களுக்குக் குளிர்லயும் ஒரு ரமலான் கிடைக்கும்னு எங்க அத்தா சொல்லுவாங்க.” சார் மலர்ந்துவிட்டார். “பாத்தீங்களா, எல்லாத்தையும் சூரியன் கணக்குல அடைச்சிட முடியாது. நிலாவுக்குன்னு ஒரு நியாயம் இருக்கு” என்று அதையும் பலகையில் வரைந்தார்.

பண்டிகையைப் பற்றி முதலில் கேட்டவன் விடவில்லை. “அது குளிர் நாடு சார். நம்மூர்ல எவன் சார் வெயிலுக்கு ஏங்குறான்?” நியாயமான கேள்வி. மருங்காபுரியில் மாசி பிறந்தால் என் அப்பா வானத்தைப் பார்க்க மாட்டார், கிணற்றைத்தான் எட்டிப் பார்ப்பார். ஆனால் நம் முன்னோர் இந்தக் காலத்துக்குப் பின்பனி என்று தனியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்கிறோம். சிவராத்திரியோடு பனி ‘சிவ சிவா’ என்று போய்விடும் என்றும் ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். இதை எழுதி நீட்டினேன். அவர் அதை வாசித்துவிட்டுச் சீட்டைக் கீழே வைத்தார். பிறகு சொன்னதை நான் எழுதிக் கொடுக்கவில்லை.

“சூரியன் திரும்பினது டிசம்பர்லயே. இருபத்தொண்ணு, இருபத்திரெண்டுலயே திரும்பியாச்சு. ஆனா குளிர் அதுக்கப்புறம்தான் ஜாஸ்தியாகும். ஏன்னா தரையும் கடலும் லேட்டாத்தான் சூடாகும். திரும்பியாச்சு, ஆனா இன்னும் உடம்புக்குத் தெரியல. அந்த ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு ஒண்ணரை மாசம் இருக்கு பாருங்க, அங்கதான் உலகம் பூரா எல்லாரும் விளக்கு ஏத்தியிருக்கான்.” சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் திகைத்தவர்போலத் தான் வரைந்த பூமியைப் பார்த்துக்கொண்டு நின்றார். மணி அடித்தது. பையன்கள் எழுந்து போகவில்லை.

சிவராத்திரிக்கு முந்தின நாள் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள். முடிச்சுகள் அநேகமாகக் கரைந்திருந்தன. ஆபரேஷன் தேவையில்லை, பயிற்சி போதும், ஆனால் இனிமேல் கத்தினால் திரும்ப வரும் என்றார் டாக்டர். கரைத்தது மௌனமா, மெழுகுவத்தியா, எருக்கிலையா என்று யாராவது கேட்டால் டாக்டர் சொன்னதைத்தான் நானும் சொல்வேன். ஆனால் முப்பது நாள் மௌனத்தை ஒருவன் தனியாகத் தாங்க முடியாது. தாங்கக் கைகொடுத்தவை எவை என்று எனக்குத் தெரியும். கிளினிக் வாசலில் மனைவி என் முகத்தைப் பார்த்து, “ஏதாவது சொல்லுங்களேன்” என்றாள். ஒரு மாதமாகச் சேர்த்து வைத்த பெரிய வாக்கியங்கள் எதுவும் ஞாபகம் வரவில்லை. “வீட்டுக்குப் போலாமா?” என்றேன். கரகரவென்று, கிணற்றடியிலிருந்து வருவதுபோல. அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகவில்லை. ஆட்டோவை எடமலைப்பட்டி புதூருக்கு விடச் சொன்னேன். ஜியாகரபி சார் கதவைத் திறந்தார். “சார்” என்றேன். அவர் பதறிக் கையை உயர்த்தினார், “மெதுவா, மெதுவா.” கூடத்துச் சுவரில் அவர் மனைவியின் படம், கீழே ஒரு சிறிய பல்ப். “அந்த வருஷம் உங்க வீட்டு விஷயம் எனக்குத் தெரியாது சார். மன்னிச்சுக்குங்க” என்றேன். “நானும்தான் தப்பு. நீங்க கேட்டது சரி, நேர்ல வந்து சொல்லியிருக்கணும்” என்றார். பிறகு படத்தைப் பார்த்து, “நேர்ல சொல்றதுக்கு அப்ப எங்கிட்டயும் குரல் இல்ல சார்” என்றார். என் மனைவி சமையலறைக்குப் போய் அவளாகவே டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரம் திருநீற்றுப் புதன் வந்தது. போன வருடக் குருத்தோலைகளை எரித்த சாம்பலை நெற்றியில் இடும் நாள். காலையில் அதே தேவாலயத்தின் படிக்கட்டில் அவருக்காகக் காத்திருந்தேன். வழக்கம்போல அந்தத் தெரு வழியாகத்தான் பள்ளிக்கு வருவார். என்னைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது, நடை தளர்ந்தது. “உள்ள போலாமா சார்? நானும் கூட வரேன்” என்றேன். அவர் கொஞ்ச நேரம் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். “எனக்குக் கோபம் இன்னும் போகலியே” என்றார். “கோபத்தோடயே போலாம்” என்றேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருக்க, அவர் வரிசையில் போய் நின்றார். நீ மண், மண்ணுக்கே திரும்புவாய் என்று நினைவூட்டும் சாம்பல். அதை வாங்கிக்கொண்டு திரும்பியவர் முகத்தில் எந்த அற்புதமும் நடந்திருக்கவில்லை. நெடுந்தூரம் நடந்தவன் ஒரு கல்லில் உட்கார்ந்ததுபோல இருந்தது, அவ்வளவுதான். வகுப்பில் எங்கள் இருவர் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்த ஒருவன், “சார், ரெண்டு பேரும் ஒரே கோயிலுக்கா போயிட்டு வந்தீங்க?” என்று கேட்டான். “ஆமா” என்றார் ஜியாகரபி சார்.

என் பழைய குரல் திரும்பவில்லை. இப்போதும் மூன்றாவது பெஞ்சைத் தாண்ட என் குரல் சிரமப்படுகிறது. சிறிய மைக் ஒன்றைச் சட்டையில் மாட்டிக்கொள்கிறேன். அந்த வருடப் பையன்கள் எல்லாரும் வரலாற்றில் தேறினார்கள். ஆலங்கட்டி மழையைப் பலர் எழுதியிருந்தார்களாம். ஜியாகரபி சார் சென்ற மே மாதம் ஓய்வு பெற்றார். அவர் இருந்த அறைக்கு ஓர் இளம் ஆசிரியை வந்திருக்கிறார். முன்பெல்லாம் எனக்குப் பண்டிகை என்றால் விடுமுறை, பஸ் நெரிசல், பலகாரம். இப்போது தை கடைசியில் பனி இறங்கும்போது, திரும்பியாச்சு, இன்னும் தெரியல என்று அவர் சொன்னது நினைவுக்கு வருகிறது. ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டுக் காத்திருப்பவர்களை, வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் என் பழைய மாணவர்களைப் பார்த்தால் அதை அவர்களிடம் சொல்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் இன்னொரு முறை சொல்லுங்கள் என்கிறார்கள்.

இந்த ஆண்டு ஜனவரி கடைசியில் அவர் போன் செய்தார். “ரெண்டாம் தேதி சாயங்காலப் பூசைக்கு வாங்க சார், வீட்ல அவங்களையும் கூட்டிட்டு. பேத்தியை முதமுதலா கோயிலுக்குத் தூக்கிட்டுப் போறோம்.” கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்னால் அவர் மகனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. பிள்ளை பெற்ற தாய் நாற்பதாம் நாள் குழந்தையோடு ஆலயம் வருவதும், அங்கே காத்திருந்த ஒரு முதியவர் அந்தக் குழந்தையைக் கையில் வாங்கி, இனி நான் நிம்மதியாகப் போவேன் என்பதும்தான் அந்த மெழுகுவத்தித் திருநாளின் கதை. எங்கள் ஊரிலும் நாற்பது கழிந்துதான் பிள்ளையைச் சாமி முன்னால் கிடத்துவார்கள். இரண்டாம் தேதி மாலை நாங்கள் போய் நின்றதும் தேவாலயத்தின் விளக்குகளை அணைத்தார்கள். வாசலிலிருந்து மெழுகுவத்திச் சுடர்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. ஜியாகரபி சார் முன்வரிசையில், பேத்தியைத் தோளில் சாய்த்து வைத்துக்கொண்டு நின்றார். பாடல் நின்று எல்லாரும் அமைதியான நேரம் பார்த்துக் குழந்தை அழ ஆரம்பித்தது. சிணுங்கல் இல்லை; அந்த உயரமான கூரை முழுக்கப் போய் மோதித் திரும்புகிற அழுகை. சிலர் திரும்பிப் பார்த்தார்கள். மருமகள் சங்கடப்பட்டு, “குடுங்க மாமா, நான் வெளிய தூக்கிட்டுப் போறேன்” என்று கையை நீட்டினாள்.

அவர் கொடுக்கவில்லை. குழந்தையைத் தோளிலிருந்து இறக்கி, சிவந்து திறந்திருந்த அந்த வாயை, கண்ணீர் வழிய, பார்த்துக்கொண்டே இருந்தார்.

“கத்தட்டும், விடும்மா” என்றார். “தொண்டை நல்லாருக்கு.”